டிசைன் வேலைக்குப் பணம் நிற்காமல் வாங்க: ராமநாதபுரம் கடற்கரை ஃப்ரீலான்ஸர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிசைன் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு போட்டோஷாப், கோரல் என்ற டிசைன் சாஃப்ட்வேர்கள் நன்றாகவே தெரிகிறது. பணம் வாங்குகிற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நான் பார்த்த வரையில், பணம் நிற்பதற்கு வாடிக்கையாளரின் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பது குறைவு. வேலையின் வரிசை மாறிப்போவதே காரணம். விலை பேசும் முன்பே டிசைன், அட்வான்ஸுக்கு முன்பே ப்ரூஃப் (சரிபார்க்கக் காட்டும் மாதிரி), பேலன்ஸுக்கு முன்பே ஃபைல் என்று போய்விடுகிறது.

இங்கே வேலை கொடுப்பவர் மாமா முறையாக இருப்பார், கூடப் படித்தவனின் அண்ணனாக இருப்பார், வெள்ளிக்கிழமை தோறும் பார்க்கிற காக்காவாக (முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கும் பெயர்) இருப்பார். சத்தம் போட்டுப் பணம் வாங்கிவிட்டு நாளைக்கு அதே டீக்கடையில் நிற்க முடியாது. அதனால் சத்தமே தேவைப்படாதபடி வேலையை எந்த வரிசையில் நகர்த்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிசைனை அழகாக்குவது எப்படி என்பதை இதில் தேட வேண்டாம்.

1. முதல் வேலைக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கு, அதோடு இணைத்த யுபிஐ. அப்பாவின் கணக்குக்கோ அக்காவின் ஜிபேக்கோ பணம் போடச் சொன்னால், ஆறு மாதம் கழித்து யார் எவ்வளவு கொடுத்தார் என்று பிரித்துக் காட்ட முடியாது. "நான்தான் அன்னைக்கே போட்டேனே" என்பவருக்குப் பதில் சொல்ல ஸ்டேட்மென்ட் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது உத்யம் பதிவு. குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் பதிவு இது. தனி ஆளாக டிசைன் சேவை செய்பவரும் எடுக்கலாம். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன, முகவரியைப் பார்த்துப் போங்கள். தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் வடிவமைப்புச் சேவைக்கான 741 பிரிவைத் தேடி எடுங்கள். இந்தப் பதிவின் பயன் ஒன்பதாவது படியில் வரும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது உதவுவது சிரமம், அதனால்தான் முதல் படியில் வைக்கிறேன்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்குவது சட்டப்படி தவறு. சிலர் 'கெத்தாக' இருக்கும் என்று அந்த வரியைப் போடுகிறார்கள். எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, வரிசை எண் போட்ட பில் ஒரு பக்கம். பெயர், பான், உத்யம் எண், தேதி, என்ன வேலை, எவ்வளவு. 500 ரூபாய் வேலைக்கும் பில் அனுப்புங்கள். கடனைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், பில் இல்லாத கடன் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும்.

2. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு விலை போடுங்கள்

பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை சொல்வதுதான் வழக்கமான தப்பு. ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் இலவசம் என்பார்கள். 10க்கு 8 அடி பேனர் என்றால் 80 சதுர அடி. அந்த 80 சதுர அடிக்கான விலைக்குள் டிசைன் கூலியும் ஒளிந்திருக்கிறது. உங்களிடம் மெஷின் இல்லை, அதனால் அந்த விலையோடு மோதவே கூடாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வீட்டுக்குக் கொடுப்பது 15,000, நெட், கரண்ட், சாஃப்ட்வேர், போன் எல்லாம் 3,000, அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேமிப்பு 2,000. மொத்தம் மாதம் 20,000. நாளுக்கு 8 மணி நேரம், 25 நாள் என்றால் 200 மணி நேரம். ஆனால் அதில் பாதி, பேசுவதிலும் அலைவதிலும் கரன்ட் போனதிலும் கழிந்துவிடும். விற்க முடிவது 100 மணி நேரம், ஆக மணிக்கு 200 ரூபாய். கருவாட்டுப் பாக்கெட் லேபிள் ஒன்று கரெக்‌ஷனோடு சேர்த்து 6 மணி நேரம் எடுத்தால் 1,200க்குக் கீழே இறங்கினால் நஷ்டம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு தெரிந்தவர் விலை சொல்லும்போது குரல் இறங்காது.

என் கருத்து: பிறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவற்றை ஃப்ளெக்ஸ் கடைக்கே விட்டுவிடுங்கள். லோகோ, லேபிள், லாட்ஜ் கட்டணப் பலகை, ஹோட்டல் மெனு, பாக்கெட் டிசைன் என்று நீண்ட நாள் நிற்கும் வேலைகளைப் பிடியுங்கள். வருஷக்கணக்கில் பயன்படும் பொருளுக்குத்தான் ஆட்கள் யோசித்துப் பணம் கொடுக்கிறார்கள்.

3. யாரிடம் எப்போது பணம் புழங்கும் என்று பாருங்கள்

இதைச் சென்னையில் இருப்பவர்கள் சொல்லித்தர மாட்டார்கள். நம் கடற்கரையில் பணத்துக்குப் பருவம் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகுக்காரர், ஐஸ் கம்பெனி, மீன் கம்பெனி எல்லோருக்கும் வரவு நிற்கும், படகு பழுதுபார்க்கும் செலவு மட்டும் ஓடும். மார்ச் கடைசியில் எடுத்த வேலைக்கு "முடிந்ததும் பேலன்ஸ்" என்று பேசினால், அது ஜூலையில்தான் வரும். இவர்களிடம் ஒன்று மார்ச்சுக்குள் கணக்கை முடிக்க வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே "பேலன்ஸ் ஜூன் 30" என்று தேதி போட்டுக்கொள்ள வேண்டும். தேதி போட்ட கடனைக் கேட்பதில் கூச்சம் இருக்காது.

ராமேஸ்வரத்து லாட்ஜ், ஹோட்டல், சங்குக் கடைகளில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப சீசன் சமயத்தில் பணம் புரளும், ஆனால் போனை எடுக்க ஆள் இருக்காது. டிசைனுக்கு ஓகே வாங்குவதைக் கூட்டம் தொடங்கும் முன்பே முடித்து, பேலன்ஸைக் கூட்டம் வடிந்த வாரத்தில் கேளுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் இருக்கும் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு ஊர் வருவார்கள். நிக்காஹ் பத்திரிகை, வீடு குடிபுகும் பத்திரிகை எல்லாம் அப்போது மொத்தமாக வரும். பணத்துக்குக் குறை இருக்காது, முடிவெடுக்கும் ஆட்கள்தான் அதிகம். அதற்கு ஏழாவது படி.

கேட்பவர் வேறு, கொடுப்பவர் வேறு என்பதையும் மறக்காதீர்கள். கோவில் திருவிழா நோட்டீஸுக்குத் தம்பிமார் நாலு பேர் வந்து நிற்பார்கள், பணம் பொருளாளர் கையில் இருக்கும். முதல் பேச்சிலேயே, "பணம் யார் கையிலிருந்து வரும், அவர் நம்பரைக் கொடுங்க" என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் "சரி" மட்டும்தான் சரி.

4. மேட்டரை முழுதாக, எழுத்தில் வாங்குங்கள்

அச்சில் வர வேண்டிய வாசகம் முழுவதும் கைக்கு வரும் முன் விலை சொல்லாதீர்கள். "சின்ன நோட்டீஸ்தான் தம்பி" என்று ஆரம்பித்தது, நாலு ஊர்ப் பங்காளிகள் பெயரோடு இரண்டு பக்கமாக வளர்ந்து நிற்கும்.

நம் பக்கம் தகராறு வருவது நிறத்தாலோ எழுத்துருவாலோ அல்ல, பெயரால். காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் எந்த வரியில், இன்னாருக்குப் பின்னால் யார், இறந்தவர் பெயருக்கு முன் என்ன அடைமொழி, பட்டம் போடுவதா விடுவதா. இதை டிசைனர் தீர்மானிக்கவே கூடாது. நீங்கள் இடம் பார்த்து ஒரு பெயரைக் கீழே இறக்கினால், அது அந்த வீட்டில் பத்து வருஷத்துக்குப் பேச்சாக இருக்கும், உங்கள் பேலன்ஸும் அதிலேயே போய்விடும். வரிசையோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ஸ் மெசேஜில் மேட்டர் சொல்பவர்கள் அதிகம். கேட்டு டைப் செய்து, "நீங்க சொன்னது இதுதானே, பார்த்து சொல்லுங்க" என்று எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். அவர் பதில் வந்த பிறகே லே-அவுட். பிழை உங்கள் காதில் நடந்ததா அவர் வாயில் நடந்ததா என்ற விவாதம் இதோடு முடிந்துவிடும்.

ராமேஸ்வரம் மெனுவிலும் போர்டிலும் இந்தி கேட்பார்கள். இந்தி வாசகத்தை அவர்களே ஒரு ஆளிடம் எழுதி வாங்கித் தரட்டும். மொபைல் மொழிபெயர்ப்பை நம்பி நீங்கள் போட்டால் பிழைக்கும் நீங்களே பொறுப்பு.

உணவுப் பாக்கெட் லேபிள் என்றால் இன்னும் கவனம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், தயாரிப்பாளர் முகவரி இவையெல்லாம் வேண்டும். கருவாட்டுக்கு அசைவக் குறி: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய லேபிளைப் பார்த்து வட்டம் போட்டுவிடாதீர்கள். கருப்பட்டிக்குப் பச்சை வட்டம். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் போட முடியாது, அதற்கென்று பதிவு செய்துகொண்ட பயனாளர்தான் போடலாம். வாடிக்கையாளர் "போடுப்பா" என்றால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். லைசென்ஸ் எண் இன்னும் வரவில்லை என்றால் இடத்தை வெற்றாக விடுங்கள், இணையத்தில் கிடைத்த எண்ணை நிரப்பாதீர்கள்.

5. ஒரே மெசேஜில் கொட்டேஷன்

நாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினால் நம் ஊரில் ஆள் ஓடிவிடுவார். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போதும். அதில் இருக்க வேண்டியவை எல்லாம் இருந்தால் சரி. இப்படி:

"அண்ணே, கருவாட்டு பாக்கெட் லேபிள் (முன்பக்கம், பின்பக்கம்), அளவு 10க்கு 15 செ.மீ. இரண்டு மாதிரி காட்டுவேன், ஒன்றைத் தேர்வு செய்யலாம். அதில் இரண்டு முறை கரெக்‌ஷன் இலவசம், அதற்கு மேல் முறைக்கு 150 ரூபாய். முடிவில் பிரஸ்ஸுக்கான பிடிஎஃப் தருவேன். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல ஃபைல்) இதில் சேராது. மொத்தம் 1,600. அட்வான்ஸ் 800 வந்த நாளிலிருந்து 5 நாளில் முதல் மாதிரி. பேலன்ஸ் 800 வந்ததும் ஃபைல். பிரிண்டிங் செலவு தனி. இந்த விலை 15 நாள் வரை. சரி என்றால் 'சரி' என்று அனுப்புங்க."

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. மாதிரி எண்ணிக்கை சொல்லாவிட்டால் பத்து கேட்பார்கள். "அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து" என்று எழுதாவிட்டால் தாமதம் உங்கள் தலையில் விழும். "பிரிண்டிங் தனி" என்பதை விட்டால், 1,600க்குள் ஆயிரம் லேபிள் அச்சடித்தே வரும் என்று நம்புபவர்கள் நிஜமாகவே உண்டு.

"சரி" என்ற பதிலும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. அந்த உரையாடலில் மெசேஜ் தானாக அழியும் வசதி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். போனில் பேசி முடித்த விஷயத்தையும், வைத்தவுடன் இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்.

6. அட்வான்ஸ் வந்த பிறகே கோரலைத் திறக்க வேண்டும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "ஒரு மாதிரி காட்டு, பிடிச்சா பணம் தர்றேன்" என்பார்கள். இலவச மாதிரி காட்டினால், அதை போனில் எடுத்துக்கொண்டு போய் ஃப்ளெக்ஸ் கடையில் "இதே மாதிரி போடு" என்பதற்கு அரை மணி நேரம் ஆகாது. பழைய வேலைகளைக் காட்டுங்கள். உங்கள் கை எப்படி என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் முழுப் பணமும் முதலில். அதற்கு மேல் பாதி. பெரிய வேலை என்றால் தொடக்கம், மாதிரி ஓகே ஆனதும், ஃபைல் கொடுக்கும் முன் என்று மூன்றாகப் பிரியுங்கள். தேர்தல் வேலைக்கு எந்தக் கட்சியானாலும் முழுப் பணம் முன்னால். முடிவு வந்த பிறகு ஜெயித்தவர் பிஸி, தோற்றவர் போனை எடுக்க மாட்டார். தேர்தல் நோட்டீஸிலும் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அந்த வரிக்கு லே-அவுட்டில் இடம் விடுங்கள்.

உறவுக்காரரிடம் கேட்பது எப்படி? கணக்கு, கொள்கை என்று பேச ஆரம்பித்தால் மனஸ்தாபம்தான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமா, அட்வான்ஸ் வந்தா நாளைக்கே கையில எடுத்துருவேன். எல்லாரும் வரிசையில இருக்காங்க, அட்வான்ஸ் தேதியை வச்சுத்தான் வரிசை." இது உண்மையாகவும் இருக்க வேண்டும், மாமாவுக்கு மட்டும் வரிசை மாற்றினால் செய்தி பரவிவிடும். சலுகை கொடுக்க நினைத்தால் விலையில் கொடுங்கள், பில்லில் முழு விலையைக் காட்டிக் கழித்துக் காட்டுங்கள். வரிசையில் மட்டும் சலுகை வேண்டாம்.

பணம் போட்டதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியில் வரவு தெரிந்தால்தான் வந்தது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை, போடச் சொன்னால் மோசடி. ராணுவ அதிகாரி என்று பேசி ஆர்டர் கொடுத்து, "எங்க அக்கவுண்ட் முறை வேற, இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று பறிப்பது நாடு முழுக்க நடக்கும் பழைய தந்திரம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருப்பதால் நம் பக்கம் அந்தப் பேச்சு நம்பும்படி இருக்கும். சிக்கிவிட்டால் காலம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

7. ப்ரூஃபும் கரெக்‌ஷனும்

ப்ரூஃபைச் சின்ன அளவு ஜேபெக்காக, குறுக்கே உங்கள் பெயர் ஓடும்படி அனுப்புங்கள். பெயர் மூலையில் இருந்தால் வெட்டிவிடுவார்கள், எழுத்தின் மேலேயே ஓட வேண்டும். வாட்ஸ்அப்பில் போன படம் அச்சுக்குத் தரம் போதாது என்று நினைக்க வேண்டாம். அதையே ஃப்ளெக்ஸில் அடித்துச் சுவரில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ப்ரூஃபோடு ஒரு வரி: "போனில் தெரியும் நிறம் அச்சில் கொஞ்சம் மாறும்." லாட்ஜ்காரர்கள் விரும்பிக் கேட்கும் பளீர் கடல் நீலம் திரையின் ஒளியில் வருவது, அச்சின் நான்கு மையான சிஎம்ஒய்கேவில் அது மங்கித்தான் வரும். முதலிலேயே சிஎம்ஒய்கேவில் வேலை செய்து, அந்த மங்கலான நீலத்தையே காட்டுங்கள். பின்னால் ஏமாற்றம் இருக்காது.

கரெக்‌ஷன் ஒரே ஆளிடமிருந்து, ஒரே பட்டியலாக வர வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் உங்களைச் சேர்த்தால் நாகரிகமாக வெளியேறுங்கள். துபாய் மச்சான் பச்சை கேட்பார், மலேசியா சித்தப்பா தங்க நிறம் கேட்பார், வீட்டில் லாத்தா (அக்கா) இரண்டுமே வேண்டாம் என்பார். "காக்கா, எல்லாரும் பேசி முடிச்சு நீங்க ஒரு லிஸ்ட்டா அனுப்புங்க, ஒரே தடவையில முடிச்சுத் தர்றேன்" என்று சொன்னால் சண்டை அவர்கள் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் எண் கொடுங்கள். "இது கரெக்‌ஷன் 1, இன்னும் ஒன்று பாக்கி" என்று எழுதி அனுப்பினால், மூன்றாவதற்குக் காசு கேட்கும்போது யாரும் திடுக்கிட மாட்டார்கள். உங்கள் டைப்பிங் பிழை கணக்கில் சேராது. மேட்டரே மாறினால் அது கரெக்‌ஷன் இல்லை, புது வேலை.

"என்னமோ குறையுது, இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணு" என்பவரிடம் மறுபடி மறுபடி செய்து காட்டாதீர்கள். எழுத்தா, நிறமா, படமா, இடமா, எது பிடிக்கவில்லை என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில் இல்லை என்றால் பிடித்த டிசைன் இரண்டைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். இவரும் மோசமான வாடிக்கையாளர் இல்லை. பார்த்தால் தெரியும், சொல்லத்தான் வராது.

முடிவில் இந்த வரியை அனுப்பிப் பதில் வாங்குங்கள்: "பெயர், தேதி, நேரம், இடம், போன் நம்பர் எல்லாம் சரிபார்த்துவிட்டேன், அச்சுக்குப் போகலாம்." இது இல்லாமல் பிரஸ்ஸுக்குப் போனால், ஆயிரம் பத்திரிகையில் ஒரு நம்பர் தப்பானாலும் மறு அச்சுச் செலவு உங்களிடம் கேட்கப்படும்.

8. பேலன்ஸ் வாங்கி, அப்புறம் ஃபைல்

ஃபைல் உங்களிடம் இருக்கும் வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை. பணத்துக்கு முன் ஃபைலைக் கொடுப்பது, ஏலம் முடியும் முன் மீனை லாரியில் ஏற்றிவிட்டு விலை கேட்பது மாதிரி. "பிரஸ்காரர் காத்திருக்கார், ஃபைலை மட்டும் அனுப்பு, சாயங்காலம் போட்டுடறேன்" என்ற அவசரம் கடைசி நாளில்தான் வரும். யுபிஐயில் பணம் போட ஒரு நிமிடம்தான் ஆகும். ஃபைல் தயார் என்று முதல் நாளே சொல்லி, பில்லையும் அனுப்பிவிட்டால் இந்த அவசரத்துக்கு இடமிருக்காது.

கொடுக்கும் ஃபைல் சிஎம்ஒய்கே, 300 டிபிஐ, சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுவதற்கான கூடுதல் ஓரம்) வைத்த பிடிஎஃப். ஃப்ளெக்ஸ் என்றால் உண்மை அளவில் 72 முதல் 100 டிபிஐ போதும். தமிழ் எழுத்தைக் கர்வ்ஸாக (வெறும் வடிவமாக) மாற்றியே அனுப்புங்கள். பாமினியில் டைப் செய்தது அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றும் முன் ஒரு நகலைத் தனியாகச் சேமியுங்கள், கர்வ்ஸ் ஆன பிறகு எழுத்தைத் திருத்த முடியாது.

ஓப்பன் ஃபைல் தனிச் சரக்கு, தனி விலை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத டிசைனரின் படைப்புக்கு முதல் உரிமையாளர் பொதுவாக டிசைனரே. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். லோகோ வாங்குபவருக்கு இது முக்கியம். முழுப் பணம் வந்ததும் "இந்த லோகோவின் முழு உரிமையும் காலவரையின்றி, எல்லா நாடுகளுக்கும் உங்களுக்கு" என்று பெயர் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அதற்கும் சேர்த்து விலை வையுங்கள்.

சிவகாசியிலோ மதுரையிலோ அச்சடித்துத் தரும் பொறுப்பையும் ஏற்றால், அச்சுக்கான முழுத் தொகையும் பார்சல் செலவும் முன்பணம். முடிந்தால் வாடிக்கையாளரே பிரஸ்ஸுக்கு நேராகக் கட்டட்டும். டிசைன் கூலி நின்றால் போவது உழைப்பு மட்டும், அச்சுப் பணம் நின்றால் கைக்காசும் சேர்ந்து போகும்.

வளைகுடாவில் இருந்து வேலை தருபவருக்கும் இதே வரிசைதான். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால், வார விடுமுறை துபாயில் சனியும் ஞாயிறும், சவுதியில் வெள்ளியும் சனியும், கெடு வைக்கும்போது கணக்கில் கொள்ளுங்கள். பணம் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வரட்டும். "ஊர்ல ஒரு ஆள் கொண்டு வந்து கொடுப்பார்" என்று உண்டியல் (ஹவாலா) வழியில் வருவது சட்டத்துக்குப் புறம்பு, கேள்வி வந்தால் பில்லைக் காட்டியும் தப்ப முடியாது.

9. அப்படியும் பணம் நின்றால்

இத்தனைக்குப் பிறகும் சில இடங்களில் நிற்கும். மாதக் கணக்கு வைக்கும் கம்பெனிகள், சென்னையிலிருந்து வேலை தரும் ஏஜென்சிகள் இவை பில்லுக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அப்போது படிப்படியாகப் போங்கள், முதல் நாளே கடைசிப் படிக்குத் தாவாதீர்கள்.

கெடு தாண்டிய மூன்றாம் நாள், பில்லை மறுபடி இணைத்து ஒரு மெசேஜ். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், "இது விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்" என்று போதும். ஒரு வாரத்தில் போன். முடிவெடுப்பவரிடமே பேசுங்கள், மேனேஜரிடம் பத்து முறை பேசுவது வீண். இரண்டு வாரம் தாண்டினால், தொகை, பில் எண், கெடு தேதி போட்ட கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில். நடுவில் இருவருக்கும் பொதுவான பெரியவர் யாராவது இருந்தால் அவர் காதில் போடுவதில் தவறில்லை. நம் ஊரில் பல நேரம் அதுவே தீர்த்துவிடும்.

ஃபேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் திட்டுவது வேண்டாம். பணமும் வராது, அவதூறு வழக்கு என்று உங்களையே மிரட்ட ஒரு பிடி கொடுத்ததாகிவிடும்.

உத்யம் பதிவு இப்போது உதவும். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, பேசாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. இதற்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் இணையத் தளத்தில் புகாரைப் பதியலாம். வாங்கியவர் சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், வழக்கு, இந்தப் புகார்களை விசாரிக்க சேவை கொடுத்தவரின் பகுதிக்கென்று இருக்கும் கவுன்சிலுக்கே வரும், நீங்கள் அலைய வேண்டாம். கடிதத்தில் இந்தச் சட்டத்தையும் உங்கள் உத்யம் எண்ணையும் குறிப்பிட்டாலே அக்கவுண்ட்ஸ் பிரிவு விழித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காரணம் உண்டு: குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டரே அவர்களை அவசரப்படுத்துவார்.

கம்பெனி இல்லை, தனி ஆள் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்துக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கு என்றே போனாலும், கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஐநூறு, எழுநூறு ரூபாய்க்கு இந்தப் படிகள் எல்லாம் ஏற வேண்டாம். இரண்டு முறை கேட்டு, வராவிட்டால் நோட்டில் பெயரை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அந்தப் பெயர் என்றைக்காவது மறுபடி வரும், பெரும்பாலும் கல்யாணமோ கடைத் திறப்போ நெருங்கிய அவசரத்தில். பழசைக் கிளறிப் பேச வேண்டாம். புது வேலைக்கான கொட்டேஷனையும் பழைய பில்லையும் ஒன்றாக அனுப்பி, "அண்ணே, இது ரெண்டும் சேர்த்துப் போட்டுட்டீங்கன்னா இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்" என்று எழுதுங்கள். இவருக்கு இனி பாதி அட்வான்ஸ் கிடையாது, முழுப் பணம்தான். போட்டால் கோரலைத் திறங்கள்.